தினசரி ஓட்டும் காரை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்வது: சேலத்திலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கிய கார் எப்படி நாறும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த நாற்றத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் டிராக்கில் காருக்கு என்ன நடக்கும் என்பது விளங்கிவிடும்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ உள்ள ஹேட்ச்பேக் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 11 மெகாஜூல். இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சினே வாங்கிக்கொள்ளும். மிச்சத்தைத்தான் பிரேக் வாங்கும், அதற்கும் முக்கால் மணி நேர அவகாசம் இருக்கிறது. இப்போது டிராக்கைப் பாருங்கள். அதே காரை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு ஒருமுறை அழுத்திப் பிடித்தால் சுமார் 0.46 மெகாஜூல். இருபத்து நாலு முறை பிடித்தால் 11 மெகாஜூல். ஒரு சுற்றுக்கு மூன்று இடத்தில் அப்படிப் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், எட்டே சுற்றில், அதாவது பதினைந்து நிமிடத்துக்குள், மொத்த ஏற்காடு இறக்கத்தின் சூட்டையும் பிரேக்கில் கொட்டிவிடுகிறீர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன் சக்கரங்களின் தலையில்தான் விழும்.

ஆகவே முதல் டிராக் நாளுக்கு, அதாவது கட்டணம் கட்டிச் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாளுக்கு, காசை எங்கே போடுவது என்ற கேள்விக்கு விடை: பிரேக் ஆயில், பிரேக் பேட், டயர், எஞ்சின் ஆயில். இதே வரிசையில். சைலன்ஸர், ஏர் ஃபில்டர், தாழ்த்தும் ஸ்பிரிங், அலாய் வீல் எல்லாம் ஐந்தாறு டிராக் நாள் ஓட்டிய பிறகு, அப்போதும் ஆசை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்விஃப்ட், போலோ, ஐ20 எதுவானாலும் முதல் நாளுக்குத் தாராளம்.

எங்கே, எப்போது, எந்தக் காகிதம்

சேலத்திலிருந்து போய்வரத் தோதானது கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே. நீளம் 2.1 கிலோமீட்டர். கொண்டலாம்பட்டியில் ஏறினால் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாக என்.எச். 544இல் போய், நீலாம்பூரில் பைபாஸ் பிடித்து இறங்கவேண்டியதுதான். மூன்று மணி நேரம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை டிராக் 3.7 கிலோமீட்டர், வேகமும் அதிகம். ஆனால் போக மட்டுமே அரை நாள் ஆகும், கிருஷ்ணகிரி வழியாகப் போனால் தொப்பூர் கணவாயையும் கடக்கவேண்டும். கோவைப் பக்கம் கருமத்தம்பட்டியில் கோஸ்ட் என்று புதிய டிராக்கும் வந்துவிட்டது. முதல் முறைக்குச் சிறிய டிராக்கே நல்லது. நேர்ப்பாதை குட்டை என்பதால் பிரேக் பிடிக்கும் வேகம் குறைவு. தவறு செய்தாலும் அடுத்த சுற்றில் ஒன்றரை நிமிடத்தில் அதே வளைவுக்கு வந்து திருத்திக்கொள்ளலாம்.

பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் நாலு விஷயம் கேளுங்கள். ஹெல்மெட்டுக்கு என்ன தரம் கேட்கிறார்கள், முதல்முறைக்காரர்களுக்குத் தனி குழுவும் பயிற்சியாளரும் உண்டா, உங்கள் வகைக் காரை அனுமதிப்பார்களா (உயரமான எஸ்.யூ.வி., சி.என்.ஜி. பொருத்திய கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும்), ஆம்புலன்ஸும் இழுவை வண்டியும் நாள் முழுக்க நிற்குமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸைப் பற்றி ஏமாந்துவிடாதீர்கள். நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் செல்லாது என்று ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியிலேயே அச்சடித்திருக்கும். ஃபுல் கவர் எடுத்திருந்தாலும் டிராக் சுவரில் உரசினால் செலவு உங்களுடையது. டிராக்கின் தடுப்புக்குச் சேதம் வந்தால் யார் கொடுப்பது என்பது நீங்கள் கையெழுத்துப் போடும் படிவத்தில் இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். காரை இழந்தால் மாதத் தவணை கட்ட முடியாது என்ற நிலையில் இருப்பவர் அந்தக் காரோடு டிராக்குக்குப் போகக்கூடாது. இதை எவ்வளவு இதமாகச் சொன்னாலும் கசக்கத்தான் செய்யும்.

மூன்று வாரம் முன்பு: தூக்கிப் பார்த்து ஆட்டிப் பார்ப்பது

மூன்று வாரம் என்பதற்குக் காரணம், குறை தெரிந்தால் சாமான் வாங்க ஒரு வாரம், மாட்ட ஒரு நாள், மாட்டியதை ஓட்டிப் பழக்க ஒரு வாரம் போய்விடும் என்பதுதான். முந்தைய நாள் பட்டறையில் புதுச் சாமான் மாட்டிக்கொண்டு நேரே டிராக்குக்குப் போவது கேட்டு வாங்கும் தொல்லை.

லிஃப்ட் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். முன் சக்கரம் அப்படி மட்டும் ஆடினால் டை ராட் முனை. சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு ஸ்பிரிங்கில் விரல் வைத்தால், கெட்டுப்போன பேரிங்கின் கரகரப்பு விரலுக்குத் தெரியும். ஷாக் அப்சார்பர் உடம்பில் எண்ணெய் வழிந்திருக்கக்கூடாது. தூசு ஒட்டி லேசாக ஈரம் காட்டினால் கவனத்தில் வையுங்கள், சொட்டினால் மாற்றுங்கள். ஆக்சில் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தால் அந்த ஜாயின்ட் டிராக்கில் உயிரை விடும். லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். சாலையில் ‘கொஞ்சம்தானே’ என்று விட்ட இழுப்பு, 120இல் ஒரு ஆள் அகலத்துக்குக் காரை நகர்த்திவிடும்.

எஞ்சினுக்கு அடியில் எந்த எண்ணெய்க் கசிவும் இருக்கக்கூடாது. டிராக்கில் ஒரு கார் சொட்டிய எண்ணெய் பின்னால் வரும் பத்துக் கார்களை வழுக்கிவிடும். டிராக்கில் காரை இறக்குமுன் ஏற்பாட்டாளர்கள் செய்யும் பரிசோதனையிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவர்கள் செய்வதும் சரியே. பேட்டரியைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கிளாம்பை இறுக்குங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் ஏற்காட்டுக்கு ஒரு முறை போய்வரலாம். வேகம் பார்க்க அந்த மலைப்பாதையில் இடமில்லை. பேருந்தும் குரங்கும் சுற்றுலாக்காரரும் நிறைந்த பாதை அது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. நமக்கு வேண்டியது வேகமில்லாத சோதனை. ஏ.சி. போட்டபடி இரண்டாவது, மூன்றாவது கியரில் ஏறுங்கள், சூட்டு முள் நடுவைத் தாண்டி நகரக்கூடாது. இறங்கும்போது எஞ்சின் பிரேக்கிங்கோடு, ஏறும் வண்டிக்கு வழிவிட்டு, வழக்கம்போல இறங்குங்கள். பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க்கில் சீரில்லை. அடிவாரத்தில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். இடது முன்சக்கரமும் வலது முன்சக்கரமும் ஒரே அளவு அனல் வீசவேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே காலிப்பரின் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) பிஸ்டனோ பின்னோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரேக்: இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பிரேக் டிராக்கில் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் காலாலேயே பிரித்தறியலாம்.

பெடல் கல்லுமாதிரி இருக்கிறது, கார் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் சூடாகிவிட்டது. பேடில் உள்ள பிசின் தாங்கும் சூட்டைத் தாண்டி வாயு விடுகிறது, பிடிப்பு போய்விடுகிறது. பெடல் பஞ்சுமாதிரி இறங்குகிறது, தரையைத் தொடுகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிப்பது குமிழிகளை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. முதலாவது வந்தால் வேகத்தைக் குறைத்து இரண்டு சுற்று ஆறவிட்டால் சரியாகும். இரண்டாவது வந்தால் பெடலைப் படபடவென்று பம்ப் செய்து, கியரைக் குறைத்து, நேரே பிட்டுக்குள் (டிராக்கை ஒட்டிக் கார்கள் நிற்கும் இடம்) வந்துவிடவேண்டும். ஆறியபின் பெடல் ஓரளவு திரும்பும். அதை நம்பி மறுபடி போகக்கூடாது, ஆயிலை மாற்றாமல் அன்றைய நாள் முடிந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3க்குக் குறைந்தபட்ச கொதிநிலை புதிதாக 205 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. இரண்டு வருடம் மாற்றாத டாட் 4 உங்கள் காரில் இருந்தால் அது 230 கிடையாது, 155க்குப் பக்கத்தில் வந்துவிட்ட சரக்கு. புதிய டாட் 4 போட்டாலே முதல் நாளுக்குப் போதும். 5.1 கிடைத்தால் இன்னும் நல்லது, டாட் 3, 4 இரண்டோடும் ஒத்துப்போகும். பெயரைப் பார்த்து ஏமாந்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், மற்றவற்றோடு சேராது.

மாற்றும் முறை. சீல் உடைக்காத பாட்டிலாக ஒரு லிட்டர் வாங்குங்கள். அரைப் பாட்டிலாகக் கடையில் திறந்து வைத்திருப்பது வேண்டாம். ஒரு பெரிய சிரிஞ்சால், பானெட்டுக்குள் இருக்கும் மேல் டப்பாவிலுள்ள பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பிரேக் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் ஆரம்பிப்பது பொது வழக்கம். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நம் கார்களில் அது பெரும்பாலும் இடது பின்சக்கரம். ஆனால் சில கார்களின் சர்வீஸ் புத்தகம் வேறு வரிசை சொல்லும், அதையே பின்பற்றுங்கள். சக்கரத்தருகே ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளில் ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்து “பிடிச்சாச்சு” என்று சொன்னபின் நிப்பிளைக் கால் சுற்று திறக்கவேண்டும். மூடியபிறகு “விடு” என்று சொல்லவேண்டும். இந்த இரண்டு சொல்லும் மாறினால் காற்று உள்ளே போகும். பழுப்பு போய் வெளிர்மஞ்சள் வரும்வரை, ஒரு சக்கரத்துக்கு 150 முதல் 250 மில்லி வரை ஓடவிடுங்கள்.

இரண்டு இடத்தில்தான் பட்டறைகள் வழக்கமாகச் சறுக்குகின்றன. ஒன்று, மேல் டப்பா காலியாகும்வரை பார்க்காமல் விடுவது. ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்றுப் போய்விட்டால் சாதாரணமாக எடுக்க வராது, பல கார்களில் ஸ்கேனர் போட்டு வால்வை இயக்கவேண்டி வரும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவை நிரப்பச் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிப்பது. மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி இத்தனை வருடம் பயன்படாமல் துருப்பிடித்திருக்கும். ரப்பர் சீல் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை. வண்ணத்தில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு அரை நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கக்கூடாது.

பேடைப் பொறுத்தவரை, உராயும் பொருள் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பேட் தேயத் தேயச் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் போய்ச்சேரும். நல்ல பேடாக இருந்தாலும் 3 மில்லி மிச்சம் என்றால் ஆயில் கொதிப்பது அதனால்தான். டிஸ்க்கின் ஓரத்திலோ நடு வளையத்திலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். நகம் மாட்டும் ஆழத்துக்கு வெடிப்பு இருந்தால் மாற்றவேண்டும். காலிப்பர் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று வரும் சூடு தாங்கும் கிரீஸ் தடவுங்கள். பின் ஒட்டிக்கொண்டால் பேட் ஆப்பு வடிவத்தில் தேயும். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான சற்றுக் கடினமான பேட் உங்கள் காருக்குக் கிடைத்தால் முன்பக்கத்துக்கு மட்டும் போடலாம். முழு ரேஸ் பேட் வேண்டாம். சூடாகும்வரை அது பிடிக்காது. சேலம் ஐந்து ரோடு நெரிசலில் மறுநாள் காலை அதுதான் ஆபத்து.

புதுப் பேட் போட்டால் பழக்கவேண்டும். விடியற்காலையில், பின்னால் யாரும் வராத நேரான சாலையில் 60இலிருந்து 15 வரை மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறையுங்கள், நடுவில் எங்கும் முழுதாக நிறுத்தாமல். பிறகு பத்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக நிறுத்திவிட்டால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று புதிது வாங்க வைக்கும்.

டயரும் காற்றும்

டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து வருடத்துக்கு மேலான டயரோடு டிராக்குக்குப் போகவேண்டாம். பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) ஆழம் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். புத்தம் புதிய டயரும் அவ்வளவு நல்லதில்லை. 8 மில்லி உயரப் பட்டன்கள் வளைவில் நெளிந்து, சூடாகி, துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். உலர்ந்த நாளுக்கு 4 முதல் 5 மில்லி அருமையான அளவு. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் 4க்குக் கீழே போகாதீர்கள். வீக்கம், வெட்டு, பட்டறையில் பஞ்சர் ஒட்டிய தோள்பகுதி எதுவும் இருக்கக்கூடாது.

காற்றுக்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். பங்க் கேஜ்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பாயின்ட் (பி.எஸ்.ஐ.) வித்தியாசம் காட்டும். டிராக்குக்குப் போய்ச்சேர்ந்ததும் அளக்கவேண்டாம், மூன்று மணி நேரம் ஓடிய டயர் அது. ஒரு மணி நேரம் நிழலில் நின்றபின் அளந்து பாருங்கள். கதவோரத்து ஸ்டிக்கர் 33 என்றால் 33இலேயே தொடங்குங்கள். ஐந்து ஆறு டிகிரி வெப்பம் ஏற ஒரு பாயின்ட் ஏறும் என்பது தோராயக் கணக்கு. முதல் செஷன் (ஒருமுறை டிராக்கில் இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்து வரும்போது 38, 40 காட்டுவது இயல்பு.

எவ்வளவு குறைக்கலாம் என்பதை டயரே சொல்லும். ஓரத்துப் பட்டனிலிருந்து பக்கவாட்டு வரை சாக்பீஸால் மூன்று இடத்தில் கோடு போடுங்கள். பெரும்பாலான டயர்களின் தோளில் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். ஓட்டிவிட்டு வந்து பார்க்கையில் கோடு அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் காற்று சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, இரண்டு பாயின்ட் ஏற்றுங்கள். முக்கோணத்தை எட்டவே இல்லை என்றால் ஒன்றிரண்டு இறக்குங்கள். முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக்குக்கு முன் டயர் சூட்டில் 36 முதல் 38க்குள் பொதுவாக வந்து நிற்கும். வலஞ்சுழியாக ஓடும் டிராக்கில் இடது முன் டயர்தான் அதிகம் அடிவாங்கும். நாலையும் ஒரே மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.

சக்கர நட்டுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். காரைப் பொறுத்து 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், புத்தகத்தில் சரியான எண்ணைப் பாருங்கள். டயர் கடை ஏர் கன்னால் இறுக்கியதை அப்படியே விடாதீர்கள். அளவுக்கு மீறி இறுகிய ஸ்டட் சூட்டில் நீண்டு முறியும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும், சக்கரம் ஆறியபின் மறுபடி பாருங்கள். கொதிக்கும் நட்டை இறுக்கினால் அளவு பொய் சொல்லும்.

ஆயில், கூலன்ட், பெட்ரோல்

சர்வீஸ் இடைவெளியில் பாதிக்கு மேல் ஓடியிருந்தால் எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள். கார் புத்தகம் அனுமதிக்கும் தடிமன்களில் ஒன்றிலேயே நில்லுங்கள். 5டபிள்யூ-30 சொன்ன எஞ்சினுக்கு நண்பர் சொன்னார் என்று 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். அளவு டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், தாண்டக்கூடாது. நீண்ட வளைவில் ஆயில், அது தேங்கும் அடித்தொட்டியான சம்பின் ஒரு பக்கம் ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் ஒரு நொடி உலர்ந்து ஓடும். விளக்கு எரிந்தபிறகு கவனிப்பது தாமதம். கையிருப்பாக ஒரு லிட்டர் எடுத்துப் போங்கள், சில எஞ்சின்கள் ஒரே நாளில் கால் கோடு குடித்துவிடும்.

கூலன்ட் சரியான கலவையில் இருக்கவேண்டும். வெறுந்தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தால் இப்போதே சுத்தம் செய்து மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கிவிடும். ரேடியேட்டர் துடுப்புகளில் சேர்ந்த பூச்சியையும் தூசையும் மெல்லிய தண்ணீரால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் துடுப்பு மடங்கும். டர்போ எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு செஷன் முடிவிலும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, நின்றபின் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடவேண்டும். சி.வி.டி. (பெல்ட்டில் ஓடும் ஒருவகை ஆட்டோமேட்டிக் கியர்) கார் என்றால் செஷனைப் பாதியாக்குங்கள், அந்த கியர்பாக்ஸ் சூடானதும் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் கணக்கு: சாலையில் 16 கொடுக்கும் கார் டிராக்கில் 5 கொடுத்தால் மகிழ்ச்சி. 2.1 கிலோமீட்டர் டிராக்கில் ஒரு செஷனுக்குப் பன்னிரண்டு சுற்று என்றால் 25 கிலோமீட்டர், 5 லிட்டர். நாலு செஷனுக்கு 20. ஊர் திரும்ப இன்னொரு 12. கால் டேங்குக்குக் கீழே போனால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் திணறும். முழு டேங்கோ வீண் எடை. முக்கால் டேங்கில் தொடங்கி மதியம் மறுபடி நிரப்புவது சரி.

முந்தைய இரவு

காருக்குள் ஆடக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. மிதியடி, ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், சீட்டுக்கடியில் உருண்டுகிடக்கும் குடை. பிரேக் பெடலுக்கடியில் உருண்டுபோன ஒரு பாட்டில் போதும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் வழிக்கு வேண்டும் என்பதால் டிராக்கில் போய் இறக்கி வையுங்கள். டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் இறக்கிப் பத்திரமாகப் பையில் வைக்கலாம், கோபித்துக்கொள்ளமாட்டார். கண்ணாடியில் தொங்கும் மணிமாலை கட்டாயம் கழற்றப்படவேண்டும், அது பார்வையை மறைக்கும்.

இழுவைக் கொக்கியை எடுத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சில ஐரோப்பிய கார்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். மணலில் மாட்டிக்கொண்ட பிறகு அதைக் கண்டுபிடிக்கும்வரை மொத்த டிராக்கும் காத்திருக்கும்.

எடுத்துப்போக: டார்க் ரெஞ்ச், கேஜ், காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர், எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர், பிரேக் ஆயில் அரை லிட்டர், நிப்பிள் ஸ்பேனரும் டியூபும், ஒரு செட் முன் பேட், நைலான் டை, டேப், சக்கரத்துக்கு வைக்க இரண்டு மரக்கட்டை, சாக்பீஸ், துணி. நிழல் இருக்கும் என்று நம்பாமல் ஒரு தார்ப்பாய். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும்.

உடுப்பு முழுக்கைப் பருத்திச் சட்டையும் பேன்ட்டும். பாலியஸ்டர் டிராக் சூட் தீயில் உருகித் தோலில் ஒட்டும். ஷூவுக்கு அடிப்பாகம் மெல்லியதாக இருந்தால் பெடல் காலுக்குப் பேசும். ஹெல்மெட் முழுமுகம் மூடியதாக இருக்கட்டும். ஹெல்மெட் தரம் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. முத்திரையுள்ள கார் ஹெல்மெட்டின் உட்துணி தீயைத் தாங்கும், எம் முத்திரையுள்ள பைக் ஹெல்மெட்டில் அது கிடையாது.

டிராக்கில்

கொடிகளை நன்றாக மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு: செஷன் நிறுத்தம், பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தபடி வேகம் குறைத்துப் பிட்டுக்கு வா. நீலம்: பின்னால் வேகமான கார், வழிவிடு. மஞ்சள் சிவப்புப் பட்டை: தரை வழுக்குகிறது. கறுப்பு காட்டினால் உங்களைத்தான் அழைக்கிறார்கள். கட்டம்போட்டது: முடிந்தது, ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வா.

சீட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். தோள் சீட்டைவிட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில் படவேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் மடங்கியே இருக்கவேண்டும். கார் வழுக்கிச் சுழலாமல் காக்கும் இ.எஸ்.பி.யை அணைக்கும் பொத்தானில் கைவைக்காதீர்கள்.

முதல் செஷன் பத்து நிமிடம் போதும், உங்களால் முடிந்ததில் முக்கால் பங்கு வேகம். பிரேக்கை நேர்ப்பாதையிலேயே முடித்துவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள். முதல் நாளில் சுழன்று நிற்கும் கார்களில் பலவும் வளைவின் நடுவில் பயந்து பிரேக்கை மிதித்தவை, அல்லது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டவை. எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும். நான்கு சக்கரமும் டிராக்கைவிட்டு இறங்கிவிட்டால் வெடுக்கென்று திருப்பாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் இறங்கியபின் மெல்லத் திரும்பி ஏறுங்கள். பிட்டுக்கு வந்து அடியில் கல் மண் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாறு வேகச் சுற்று, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று. உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ அழுந்தி நின்றால் டிரம் வட்டம் கெடும். முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பானெட்டைத் திறந்துவிட்டுக் கேஜை எடுங்கள். காற்று, நட்டு, ஆயில், கூலன்ட் டப்பா, வீல் இடுக்கு வழியாகப் பேட். ஐந்து நிமிட வேலை. காய்ந்த புல்மேல் நிறுத்தவேண்டாம், சைலன்ஸர் சூடு பற்றவைத்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணும் காலும் மந்தமாகும், நம்பிக்கை மட்டும் கூடும். அந்த நேரம் முதல் நாள்காரர்களுக்கு ஆகாது. நாலு செஷனுக்குக் காசு கட்டியிருந்தாலும் மூன்றோடு நிறுத்துவதில் நட்டமில்லை.

திரும்பும் வழி

கிளம்புமுன் கட்டாயம் செய்யவேண்டியது, காற்று ஏற்றுவது. சூட்டில் 40இலிருந்து 36க்கு இறக்கிய டயர் ஆறியதும் 29, 30இல் நிற்கும். அந்தக் காற்றோடு என்.எச். 544இல் 100இல் ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்க வழி செய்கிறீர்கள். டயர் நன்றாக ஆறியபின் ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நட்டுகளைக் கடைசியாக ஒருமுறை டார்க் ரெஞ்சால் தொடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, பிள்ளையார் எல்லாம் ஏறிவிட்டார்களா பாருங்கள். டிராக் கேட்டைத் தாண்டியதும் எல்லாக் காரும் மெதுவாகப் போவதுபோலத் தோன்றும். முதல் அரை மணி நேரம் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தே ஓட்டுங்கள். பெருந்துறை பக்கம் ஒரு டீக்கு நிறுத்துங்கள்.

மறுநாள் சக்கரங்களைக் கழற்றி முன் பேடை அளந்து குறித்துவையுங்கள். 10 மில்லியில் தொடங்கி 6இல் வந்து நின்றால், ஒரு நாளைக்கு உங்கள் காரும் காலும் தின்னும் அளவு 4 மில்லி. அடுத்த நாளுக்குப் புது செட் வேண்டும் என்பது இப்போதே தெரிந்துவிட்டது. முன் டயர்களைப் பின்னால் மாற்றுங்கள். பெடல் ஒருமுறையாவது பஞ்சுமாதிரி இறங்கியிருந்தால் பிரேக் ஆயிலை மறுபடி முழுதாக மாற்றிவிட்டுத்தான் ஏற்காட்டுக்குக் குடும்பத்தை ஏற்றிப்போகவேண்டும்.